மூன்று மென்பொருள், ஒரு ஸ்டைல் லைப்ரரி: டபிள்யூபிஎஃப் ரிசோர்ஸ் டிக்‌ஷனரி மதிப்புரை

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு மாடி அறையில் மூன்று பேராக அமர்ந்து மென்பொருள் எழுதும் நாங்கள், இன்றைக்கும் விண்டோஸ் கணினியில் ஓடும் டெஸ்க்டாப் பயன்பாடுகளையே பெரும்பாலும் செய்து தருகிறோம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு, மேசைத் தராசில் வைத்த சரக்கின் எடை தட்டச்சு செய்யாமலேயே திரைக்கு வந்துவிட வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்காரருக்குக் குச்சிக்கிழங்கு லாரி எடைமேடையில் நிற்கும்போதே எடையும் மாவுச்சத்துப் பாயிண்டும் பதிவாகிவிட வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் மழை பிடித்துக்கொண்டால் இணையத்தை நம்பிக் கூலிக் கணக்கு போட முடியாது. ஆகவே மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று மென்பொருள்கள். மூன்றும் டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் திரைகளை எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவி) கொண்டு எழுதப்பட்டவை. மூன்றுக்கும் நிறம், எழுத்துரு, பொத்தான் அளவு, கட்டங்களின் இடைவெளி எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த 'ஒரே இடம்' என்ற ஏற்பாடு, பயன்பாடுகளுக்கு எவ்வளவு உதவுகிறது, அவற்றைச் சோதிக்கும் டெஸ்ட் புராஜெக்டுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதே இந்த மதிப்புரை.

டபிள்யூபிஎஃப் 2006ஆம் ஆண்டு, மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் அடித்தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.0 உடன் வந்தது. 2018 டிசம்பரில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. 2019இல் வந்த டாட்நெட் கோர் 3.0 முதல் புதிய டாட்நெட் பதிப்புகளிலும் அது ஓடுகிறது. இத்தனை வயதான ஒரு கருவிக்கு இப்போது மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். ஸ்டைல்களைப் பகிர்வது குறித்து எழுதப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் பயன்பாடு ஓடத் தொடங்கியதும் முடிந்துவிடுகின்றன. அதே ஸ்டைலைச் சோதனைக்குள் கொண்டுவரும்போது என்னென்ன கழன்று விழுகின்றன என்பதை நாங்கள் கைப்பொருள் செலவழித்தே கற்றோம்.

கற்க வேண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வரிசி ஆலை மென்பொருளுக்காகப் பொதுக் கோப்பில் எண் கட்டத்தின் உள்ளிடைவெளியை நான்கிலிருந்து எட்டாக மாற்றினோம். ஆலையில் திரை நன்றாக இருந்தது. மறுவாரம் கொலுசுப் பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது: கிராமுக்கு மூன்று தசம இடம் காட்ட வேண்டிய கட்டத்தில் கடைசி இலக்கம் தெரியவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது, பில்லிலும் சரியாகவே அச்சானது; திரையில் மட்டும் 12.345 என்பது 12.34 என்று நின்றது. வெள்ளித் தொழிலில் ஒரு மில்லிகிராம் காணாமல் போனால் அது கணினியின் பிழை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தராசு வைத்திருப்பவரின் நாணயத்தைப் பற்றிய கேள்வியாகவே அது எழும். எங்கள் சோதனைகள் எல்லாம் அன்றைக்கும் பச்சை விளக்கோடுதான் ஓடின, ஏனென்றால் அவை கூட்டலையும் பெருக்கலையும் பார்த்தனவே தவிர, கட்டத்துக்குள் எழுத்து அடங்குகிறதா என்பதைப் பார்க்கவில்லை. உண்மையான ஸ்டைலோடு திரையைச் சோதனைக்குள் ஏற்றி, தேவைப்படும் அகலத்தையும் கொடுக்கப்பட்ட அகலத்தையும் ஒப்பிடுவது என்று அன்று முடிவெடுத்தோம்.

பகிர்வு ஏற்பாட்டின் அடிப்படை எளிது. நிறங்கள், நிறம் பூசும் தூரிகைகள், ஸ்டைல்கள், உறுப்புகளின் உள்ளமைப்பைச் சொல்லும் வார்ப்புருக்கள் ஆகியவற்றைப் பெயரிட்டு அடுக்கி வைக்கும் பெட்டியே ரிசோர்ஸ் டிக்‌ஷனரி; ஒரு பெட்டிக்குள் பல பெட்டிகளை இணைக்கலாம். இணைத்தவற்றுள் ஒரே பெயர் இருமுறை வந்தால் கடைசியாக இணைத்தது வெல்லும். இணைக்கும் பெட்டியிலேயே அந்தப் பெயர் இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தும். இந்த ஒழுங்கு உறுதியானது, ஆகவே கொலுசு மென்பொருள் பொது ஸ்டைலை எடுத்துக்கொண்டு, தன் தலைப்பு நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வது இரண்டு வரி வேலை. பயன்பாடுகளுக்கு இடையே பகிர்வது என்ற அளவில் எனக்கு இதில் குறையே இல்லை. தனி லைப்ரரி ஒன்றில் ஸ்டைல்களை வைத்து, ஒவ்வொரு பயன்பாட்டின் ஆப் ஸாமல் கோப்பிலும் (ஸாமல் என்பது திரைகளை விவரிக்கும் மொழி; ஆப் ஸாமல் பயன்பாடு முழுவதற்குமான கோப்பு) அதை ஒரே ஒரு வரியால் இணைத்தால் போதும்.

அந்த ஒரு வரியில் வரும் முகவரிதான் பேக் யூஆர்ஐ. 'பேக்' என்று தொடங்கி, 'அப்ளிகேஷன்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி, அடுத்து மூன்று காற்புள்ளிகள், பிறகு அசெம்ப்ளியின் (தொகுக்கப்பட்ட நிரல் கோப்பின்) பெயர், ஓர் அரைப்புள்ளி, 'காம்போனென்ட்' என்ற சொல், கடைசியில் கோப்பின் பாதை. அந்த மூன்று காற்புள்ளிகள் யாரோ தவறித் தட்டியவை அல்ல. ஒரு முகவரிக்குள் இன்னொரு முகவரியை வைப்பதற்காகச் சாய்கோடுகளைக் காற்புள்ளிகளாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் நாளே அவற்றை எழுத்துப்பிழை என்று நினைத்து அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். முதன்முறை சோதனைக்குள் பொது டிக்‌ஷனரியை ஏற்றியபோது கிடைத்த பிழைச்செய்தி, முகவரியில் உள்ள போர்ட் (இணைய முகவரிகளில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் எண்) செல்லாது என்றது. நாங்கள் எந்தப் போர்ட்டையும் எழுதவில்லை. பயன்பாடு ஓடும்போது 'பேக்' என்ற முகவரி வகையைக் கணினிக்கு அறிமுகப்படுத்துவது அப்ளிகேஷன் என்னும் கிளாஸ். சோதனையில் அந்தக் கிளாஸை யாரும் தொடவே இல்லை என்பதால், முக்காற்புள்ளிக்குப் பின் வருவதைப் போர்ட் எண்ணாகப் படித்துவிட்டு அந்தச் செய்தி வந்திருக்கிறது. அதைச் சரிசெய்ததும், திரை உறுப்புகளை எஸ்டிஏ வகை இழையில்தான் (தான் உருவாக்கியதைத் தான் மட்டுமே கையாளும் நிரலோட்டத்தில்தான்) உருவாக்கலாம் என்றது. அதையும் சரிசெய்ததும், கோப்பைக் காணோம் என்றது. அசெம்ப்ளி பெயர் இல்லாத சுருக்க முகவரிகளை எந்த அசெம்ப்ளியில் தேடுவது என்று சோதனை ஓட்டிக்குத் தெரியாதாம்.

இந்த வரிசையைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஆப் ஸாமல் என்பது பத்து வரிக் கோப்பு போலத் தோன்றினாலும், அதன் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட், கல்யாண வீட்டில் பந்திக்கும் பாத்திரத்துக்கும் பூக்காரருக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டு ஓடும் சித்தப்பாவைப் போல, யாரும் கேட்காமலே பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. முகவரி வகையை அறிமுகப்படுத்துகிறது. எந்த அசெம்ப்ளியில் தேடுவது என்று சொல்கிறது. திரை உறுப்புகளின் மரம் முழுவதும் தேடிக் கிடைக்காத பெயரைத் தன் பெட்டியில் தேடிக் கொடுக்கிறது. தன்னிடம் உள்ள தூரிகைகளை உறையவைத்து எந்த இழையிலிருந்தும் பயன்படுத்தத் தக்கவையாக்குகிறது. சோதனையில் அவர் இல்லை. இந்தப் பகிர்வு ஏற்பாட்டின் பெரிய குறை, இந்த வேலைகளில் எது ஸ்டைலைச் சேர்ந்தது, எது பயன்பாட்டைச் சேர்ந்தது என்று எங்கும் பிரித்துக் காட்டாமல் வைத்திருப்பதே என்பேன்.

அப்ளிகேஷனே இல்லாமல் சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தோம். ஒவ்வொரு விண்டோவும் ஒவ்வொரு யூசர் கண்ட்ரோலும் (நாங்களே தொகுத்த திரைப் பகுதியும்) பொது டிக்‌ஷனரியைத் தானே இணைத்துக்கொள்ளட்டும் என்று மாற்றி எழுதினோம். இரண்டு தொல்லைகள் வந்தன. முதலாவது எல்லோரும் அறிந்தது: ஒரே முகவரியை நாற்பது இடங்களில் இணைத்தால் நாற்பது தனிப் படிகள் நினைவகத்தில் உருவாகும். ஒருமுறை ஏற்றியதை நிலையான பட்டியலில் வைத்துத் திரும்பத் தரும் சிறு கிளாஸ் ஒன்றைப் பலரும் எழுதிக்கொள்கிறார்கள். நாங்களும் எழுதினோம், எழுதும்போதே திரையை வரைந்து காட்டும் வடிவமைப்பி அதனோடு ஒத்துழைக்க மறுத்ததால் கைவிட்டோம்.

இரண்டாவது தொல்லைதான் எங்களை நாள்கணக்கில் அலையவைத்தது. பெயர் வைக்காமல், 'எல்லா டெக்ஸ்ட்பிளாக்குக்கும் (எழுத்தைக் காட்டும் உறுப்புக்கும்) எழுத்தளவு 16' என்று வகைக்குப் பொதுவாக எழுதிய ஸ்டைல் ஒன்று எங்கள் கோப்பில் இருந்தது. அது ஆப் ஸாமலில் இருக்கும்போது பொத்தானின் வார்ப்புருவுக்குள் இருக்கும் டெக்ஸ்ட்பிளாக்குக்கும் பொருந்தியது. விண்டோவின் பெட்டிக்கு மாற்றியதும் வார்ப்புருவுக்குள் அது செல்லவில்லை. கண்ட்ரோல் என்ற வகையிலிருந்து பிறக்காத உறுப்புகளுக்கு, வார்ப்புருவின் எல்லையைத் தாண்டி இடையில் இருக்கும் பெட்டிகளைப் பார்க்காமல் நேரே அப்ளிகேஷனின் பெட்டிக்குப் போய்விடுவது டபிள்யூபிஎஃப்பின் விதி. டெக்ஸ்ட்பிளாக் அப்படிப்பட்ட உறுப்பு. விளைவு என்னவென்றால், சோதனையில் ஸ்டைலை விண்டோவிலும் பயன்பாட்டில் அதே ஸ்டைலை ஆப்பிலும் வைத்திருந்த இடைக்காலத்தில், சோதனை 12 அளவு எழுத்தை அளந்து 'அடங்குகிறது' என்றது. பட்டறைத் திரையில் 16 அளவு எழுத்து வெட்டுப்பட்டு நின்றது. இரு பக்கமும் ஒரே கோப்பைத்தான் படித்தன, ஆனால் அதை எங்கே இணைத்தோம் என்பதிலேயே திரையின் தோற்றம் மாறிவிட்டது. கோப்பைப் பகிர்ந்துவிட்டோம் என்பதாலேயே தோற்றத்தைப் பகிர்ந்துவிட்டோம் என்று நம்பியது எங்கள் தவறு.

ஆகவே சோதனைக்குள்ளும் ஓர் அப்ளிகேஷனை உருவாக்கி, அதன் பெட்டியிலேயே பொது டிக்‌ஷனரியை இணைப்பது என்று முடிவாயிற்று. எங்கள் உண்மையான ஆப் கிளாஸைச் சோதனையில் எழுப்பவில்லை. அது எழுந்ததும் தராசின் சீரியல் போர்ட்டைத் திறக்கப் போய்விடும். வெறும் அப்ளிகேஷன் ஒன்றையே எழுப்புகிறோம். இதற்காகவே ஒவ்வொரு பயன்பாட்டின் ஆப் ஸாமலையும் காலிசெய்து, எல்லா ஸ்டைல்களையும் லைப்ரரியில் உள்ள ஒரே தலைமைக் கோப்புக்குக் கொண்டுபோனோம்; ஆப்பும் சோதனையும் அந்தத் தலைமைக் கோப்பை மட்டுமே அறியும். உங்கள் ஆப் கிளாஸையே எழுப்ப விரும்பினால், அதை உருவாக்குவது மட்டும் போதாது, இனிஷியலைஸ் காம்போனென்ட் என்ற செயலையும் நீங்களே அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப் ஸாமலில் எழுதிய எதுவும் ஏறாது.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஓர் ஆப்டொமைனில் (நிரல் ஓடும் ஓர் எல்லைக்குள்) ஓர் அப்ளிகேஷனுக்கு மேல் உருவாக்க முடியாது. சோதனை ஓட்டும் கருவியான எக்ஸ்யூனிட் இயல்பாகவே சோதனைக் கிளாஸ்களை ஒரே நேரத்தில் ஓட்டும் என்பதால், இரண்டு கிளாஸ்கள் தலைக்கொன்றாக அப்ளிகேஷனை எழுப்ப முயன்றால் ஒன்று விழும். நாங்கள் அதே வகைக் கருவியான என்யூனிட்டுக்கு மாறி, அசெம்ப்ளி முழுவதற்கும் எஸ்டிஏ என்று அறிவித்து, தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அப்ளிகேஷனை எழுப்புகிறோம். எக்ஸ்யூனிட்டிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு எஸ்டிஏ இழையில் ஓட்டும் துணைப் பொதி இருக்கிறது. இன்னொன்று: கடைசி விண்டோ மூடியதும் அப்ளிகேஷன் தானும் விடைபெறுவதே இயல்பு ஏற்பாடு. முதல் சோதனை விண்டோவைத் திறந்து மூடியவுடன் அடுத்த சோதனைகள் எல்லாம், அப்ளிகேஷன் மூடப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அலறும். வெளிப்படையாகச் சொன்னால்தான் மூட வேண்டும் என்று ஷட்டவுன் மோடை மாற்றிவிட்டால் அந்தக் கூச்சல் நிற்கும். டெஸ்ட் புராஜெக்டும் விண்டோஸை இலக்காகக் கொண்டிருக்க வேண்டும், அதிலும் டபிள்யூபிஎஃப் இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சோதனை ஓடத் தொடங்கிய பிறகு கிடைத்த பலன், எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றே சொல்வேன். ஆனால் இங்கும் ஒரு மறைவு இருக்கிறது: டிக்‌ஷனரியை ஏற்றிவிட்டாலே அதில் உள்ளவை எல்லாம் உருவாகிவிடுவதில்லை. ஒவ்வொரு பொருளும் முதன்முறை கேட்கப்படும்போதுதான் பிறக்கிறது. நினைவகத்துக்கு இது நல்லது. ஆனால் 'கோப்பு ஏறிற்று, ஆகவே சரி' என்று முடிக்கும் சோதனை எதையும் மெய்ப்பிப்பதில்லை. நாங்கள் எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் சோதனை ஒன்றை எழுதினோம். பத்து வரிகூட இராது. யாரும் பயன்படுத்தாததால் உடைந்தே கிடந்த பழைய ஸ்டைல்கள் பல முதல் ஓட்டத்திலேயே அகப்பட்டன.

டிக்‌ஷனரியில் உள்ள பெயரை ஏற்றும்போது ஒருமுறை மட்டும் தேடும் ஸ்டாட்டிக் ரிசோர்ஸா, பின்னர் மாறினாலும் தொடர்ந்துகொள்ளும் டைனமிக் ரிசோர்ஸா என்ற பழைய வழக்கில், சோதனையை முன்னிட்டு என் தீர்ப்பு முன்னதன் பக்கம். பெயர் கிடைக்காவிட்டால் ஸ்டாட்டிக் ரிசோர்ஸ் அங்கேயே விழுந்து, எந்தப் பெயரைக் காணோம் என்றும் சொல்லிவிடுகிறது. டைனமிக் ரிசோர்ஸ் ஒன்றும் சொல்லாமல் இயல்பு மதிப்போடு நடந்துபோகும். ஏற்காட்டுத் தோட்ட மென்பொருளில் தலைப்பெழுத்தின் நிறத்துக்கு இருந்த பெயரைப் பொதுக் கோப்பில் மாற்றிவிட்டு, ஓரிடத்தில் பழைய பெயரை மறந்துவிட்டோம். அங்கே டைனமிக் ரிசோர்ஸ். வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்து கறுப்பாகி, கரும்பச்சைப் பட்டையில் மறைந்தே போனது. பழம் பறிப்புக் காலம். கூலி போடும் சனிக்கிழமை. கிலோ எந்தப் பத்தி, தொகை எந்தப் பத்தி என்று தெரியாமல் தோட்டத்து மேஸ்திரி கைப்பேசியில் அழைக்க, இணையம் இல்லாததால் தொலைவிலிருந்து சரிசெய்ய வழியின்றி, ஒரு சொல்லைத் திருத்துவதற்காக இருபது கொண்டைஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். அதன்பின் நிறம் மாற்றும் வசதி தேவைப்படும் தூரிகைகளுக்கு மட்டுமே டைனமிக் ரிசோர்ஸ் என்று விதி செய்துகொண்டோம். அந்தப் பெயர்கள் எல்லாம் அப்ளிகேஷனின் பெட்டியில் உண்மையாகவே இருக்கின்றனவா என்று ஸாமல் கோப்புகளைப் படித்துச் சரிபார்க்கும் சோதனையும் இருக்கிறது.

தமிழ் எழுத்துருவைப் பகிர்வதிலும் இதே மௌனம்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை லைப்ரரிக்குள் ரிசோர்ஸ் வகைக் கோப்பாக வைத்து, பேக் முகவரியில் எண்குறிக்குப் பின் அதன் குடும்பப் பெயரை எழுதுகிறோம். பாதையில் ஓர் எழுத்து தவறினாலும் எந்தப் பிழையும் வராது. விண்டோஸில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துரு வந்து அமர்ந்துகொள்ளும். ஆங்கிலத் திரைகளில் இதைப் பெரிதாகப் பொருட்படுத்த மாட்டார்கள். நமக்கோ 'கொலுசு' என்ற சொல்லில் சுகரத்தின் வால் கீழே இறங்கும், 'கூலி'யில் லிகரத்தின் கொக்கி மேலே ஏறும்; 28 உயரத்தில் நிறுத்திய பொத்தானில் எழுத்துரு மாறினால் வாலோ கொக்கியோ வெட்டுப்படும். ஆகவே எங்கள் சோதனை எழுத்துருவின் பெயரைக் கேட்பதோடு நிற்பதில்லை. உண்மையில் எந்தக் கோப்பிலிருந்து எழுத்துருவம் எடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்கிறது. படம் எடுத்து ஒப்பிடும் சோதனைகளையும் சிலகாலம் முயன்றோம். எழுத்தோரங்களை மென்மையாக்கும் விதம் கணினிக்குக் கணினி வேறுபட்டதால், என் மேசையில் தேர்ச்சி பெற்றது அடுத்த மேசையில் தோற்றது. விட்டுவிட்டோம்.

முழு மனத்தோடு பாராட்டத் தக்க பகுதி ஒன்று உண்டு: லைப்ரரியின் தீம்ஸ் அடைவில் இருக்கும் ஜெனரிக் ஸாமல். தனிக் கண்ட்ரோல் ஒன்றை எழுதி, அதன் இயல்புத் தோற்றத்தை அந்தக் கோப்பில் வைத்து, தீம் தகவலை அசெம்ப்ளியில் அறிவித்துவிட்டால், அந்தக் கண்ட்ரோல் எங்கு போனாலும் தன் உடையோடு போகும். ஆப் ஸாமலில் யாரும் எதையும் இணைக்க வேண்டியதில்லை, சோதனையிலும் தனி ஏற்பாடு வேண்டாம். தராசு எடையைக் காட்டும் கட்டத்தை இப்படித் தனிக் கண்ட்ரோலாக்கிய பிறகு, மூன்றாம் தசம இலக்கம் குறித்த சோதனை மிக எளிதாகிவிட்டது. சாதாரணப் பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் இந்த வழி உதவாது என்பது உண்மை; அதற்காக எல்லாவற்றையும் தனிக் கண்ட்ரோலாக்கக் கிளம்புவதும் வீண் வேலை. ஒரே ஸாமல் கோப்பைப் பல புராஜெக்டுகளில் இணைப்பாகச் சேர்க்கும் வழியும் இருக்கிறது. ஒவ்வோர் அசெம்ப்ளிக்குள்ளும் தனிப்படி உருவாகி, உள்முகவரிகள் ஆளுக்கொரு திசை பார்ப்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காசு கொடுத்து வாங்கிய அட்டவணைக் கண்ட்ரோல் தொகுப்பு ஒன்றும் எங்களிடம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் தீம் ஏறுவதற்கு உரிமச் சாவி ஆப் தொடக்கத்தில் பதிவாகியிருக்க வேண்டுமாம். சோதனையில் அட்டவணைக்குப் பதில் உரிம எச்சரிக்கைப் பலகை அளக்கப்பட்டு, 'அகலம் போதும்' என்று தேர்ச்சியும் பெற்றது. ஒப்பீட்டுக்கு, ஏற்காட்டில் பழ எடை பதியும் சிறு கருவி ஒன்றை, டபிள்யூபிஎஃப் போன்ற இன்னொரு கருவியான அவலோனியாவில் எழுதிப் பார்த்தோம். பகிரும் முறை ஏறக்குறைய இதேதான், முகவரி மட்டும் வேறு. ஆனால் திரையே இல்லாமல் ஓடும் ஹெட்லெஸ் சோதனைப் பொதியை அவர்களே தருகிறார்கள், எந்த ஆப்பை எழுப்ப வேண்டும் என்பதைச் சோதனை அசெம்ப்ளியில் ஒரு வரியால் அறிவிக்கலாம். நாங்கள் ஒவ்வொன்றாக மோதித் தெரிந்துகொண்டவற்றை அங்கே முதலிலேயே தீர்த்துவைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். எங்களுக்கு மூன்று மென்பொருள்களையும் திருப்பி எழுதும் தெம்பு இல்லை. டபிள்யூபிஎஃப்பின் இந்த ஏற்பாட்டுக்குப் பயன்பாட்டளவில் ஐந்துக்கு நாலரையும் சோதனையளவில் இரண்டரையும் கொடுத்துவிட்டு அதிலேயே தொடர்கிறோம்.

டாட்நெட் 9இல் வந்த ஃபுளூயன்ட் தீமை (புதிய விண்டோஸ் தோற்றத்தை) கொலுசு மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது, பொத்தான்களின் உள்ளிடைவெளி மாறி மூன்று இடங்களில் எழுத்து அடங்காததைச் சோதனை அன்றைக்கே பிடித்துவிட்டது. பட்டறை வரை அது போகவில்லை. பழைய தீமிலும் புதிய தீமிலும் ஒரே சோதனைகளை ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் இன்னும் இடர்தான். ஒருமுறை மூடிய அப்ளிகேஷனை அதே ஓட்டத்தில் மறுபடி எழுப்ப முடியாது என்பதால், சோதனைக் கிளாஸ்களைப் பொது லைப்ரரி ஒன்றில் வைத்து, தீமுக்கு ஒன்றாக இரண்டு டெஸ்ட் புராஜெக்டுகள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும்படி இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.